ஏழாம் எண் பழம்

அந்த நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. நான் போட்டது. ஓரத்தில் என் கையெழுத்து, தேதி. எங்கள் ஆய்வகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. அடித்தால், அடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கோட்டுக்கு அடியில் அண்ணியின் எழுத்து: "ஏழாம் எண் பழம். போன வாரம் முழு ஆரஞ்சு. இன்று காம்பருகே பச்சை."

உதவியாளர் வேண்டியிருந்தபோது அண்ணியை நான்தான் கூப்பிட்டேன். சவர பிளேடால் பழத்தோலைச் சீவி எடுப்பார். அதன் வழியே செய்தித்தாள் படிக்கலாம்.

"இவ்வளவு மெல்லிசா எப்படி அண்ணி?"

"உங்கண்ணன் சம்பளத்துல ஒரே வெங்காயத்தை நாலு பேருக்கு நறுக்கிப் பாருடி டாக்டரம்மா. தானா வரும்."

கட்டடத்துக்குப் பின்னால் ஆரஞ்சு மரங்கள். நாற்பது பழங்களுக்கு எண் சீட்டு கட்டிப் பறிக்காமல் விட்டிருந்தோம். வாரம் ஒருமுறை எல்லாவற்றின் நிறத்தையும் குறித்து, இரண்டைப் பறித்துத் தோலை நுண்ணோக்கியில் பார்ப்போம். காயின் தோலில் பசுங்கணிகங்கள், பச்சை நிறம் தரும் நுண்மணிகள், இருக்கும். பழுக்கும்போது அவற்றின் பச்சை சிதையும், உள்சவ்வுகள் கலையும், மஞ்சள் துளிகள் சேரும். அதே கணிகம் வண்ணக்கணிகம் ஆகிவிடும். அது ஒருவழிப் பாதை என்று நினைத்திருந்தேன். ஆய்வுத் திட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அது கோடை மழை பெய்த வாரம். நுண்ணோக்கிகளின் முன் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மழைன்னு மரத்துக்கே போகலையா அண்ணி?"

"போனேன்."

"பழுத்தது திரும்பக் காயாகுமா?"

"எனக்கென்ன தெரியும். ஏழாம் நம்பர் ஆகியிருக்கு. வந்து பாரு."

ஜன்னலிலிருந்து மரம் நாற்பதடி. அன்று அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. நான் போகவில்லை.

"சீட்டை மாத்திக் கட்டியிருப்பீங்க. இல்லைன்னா பார்க்காமலே எழுதியிருப்பீங்க," என்று சொல்லிக் கோட்டைப் போட்டேன்.

அண்ணி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். மறுநாள் வரவில்லை.

அண்ணன் போன் செய்தான். "அவ பொய் சொல்லுவாளாடி?"

"இது வேலை அண்ணா. வீடு இல்லை."

"சரி," என்றான். அதன்பின் அவனாக அழைக்கவில்லை.

அடுத்த வருடம் ஆள் கிடைக்கவில்லை. நிறங்களை நானே குறித்தேன். வெயில் ஏறிய பிறகு ஒரு நாள், பத்தொன்பதாம் எண் பழத்தின் காம்பருகே பச்சை தெரிந்தது. நான்தான் சீட்டை மாற்றிக் கட்டிவிட்டேன் என்று நினைத்தேன். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. பக்கத்துப் பழத்திலும் பச்சை. அதைப் பறித்துத் தோலைச் சீவினேன். தடிமனாகத்தான் வந்தது. ஆரஞ்சு மணிகளுக்கு நடுவே சில பாதி பச்சையாக இருந்தன. நிறம் மாறிப் போன கணிகங்களே பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

தோட்டக்காரர் குழாயோடு நின்றிருந்தார்.

"பறிக்காம விட்டா அப்படித்தாங்க. திரும்பப் பச்சை கட்டும். வருஷா வருஷம் நடக்கிறதுதான்."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே. போன வருஷம் அந்தம்மா மழையில நனைஞ்சுகிட்டே வந்து கேட்டாங்க. சொன்னேன்."

என் அலமாரியிலிருந்த புத்தகத்திலும் அது இருந்தது. நான் புரட்டாத அத்தியாயம்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் பத்தொன்பதாம் எண் பழத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார்.

"வாங்க," என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அண்ணி பழத்தை உரித்தார். ஒரு சுளையை அண்ணனிடம் கொடுத்து, ஒன்றைத் தான் தின்றார்.

"இனிப்பாத்தான் இருக்கு."

"வேலைக்குத் திரும்பி வாங்க அண்ணி."

"மருந்துக்கடையில சேர்ந்துட்டேன். அங்க நான் இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை. யாரும் எழுந்து போய்ப் பார்க்கறதில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னார்.

நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து நீட்டினேன்.

"நாற்பத்தொண்ணாம் பக்கத்தை இதுல திரும்ப எழுதிக் கொடுங்க. அதே தேதி. உங்க கையெழுத்து. கோடு இல்லாம இருக்கட்டும்."

அண்ணி பேனாவைப் பார்த்தார். வாங்கவில்லை.

"அந்த ஏழாம் நம்பர் இப்ப எங்க?"

"அது அப்பவே உதிர்ந்துடுச்சு."

"அப்ப பார்க்காமலே எழுதச் சொல்றீங்க."

அண்ணன் குனிந்து தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் பேனாவை மூடினேன்.