இன்னும் வரவில்லை

கென்னத்துக்குச் சிங்கப்பூரில் வேலை. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, மலேசியாவுக்கு வரும் கடல்பாலத்தை மூடியபோது அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். அவனுடைய அம்மா ஜெரால்டின் இந்தப் பக்கம், கூலாய் ஊரில், மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. அவள் சமையல் வேலை பார்த்த செனாய் தொழிற்சாலை கேன்டீனையும் இழுத்து மூடிவிட்டார்கள். கென்னத்துக்கும் பாதிச் சம்பளம்தான். அதனால் அவன் கூப்பிடும்போதெல்லாம், "எனக்கு என்னடா கொற? நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்தாள். அவன் நம்பிவிட்டான். கூப்பிடுவதும் குறைந்துபோனது.

தேவாலயத்தில் யாரோ அவள் பெயரை ஓர் உதவிக் குழுவிடம் கொடுத்திருந்தார்கள். வேலை போனவர்களுக்கு அந்தக் குழு கைப்பேசியிலேயே, இ-வாலட் வழியாகப் பணம் அனுப்பியது. ஒருநாள் சாயங்காலம் ஷர்மினி என்ற பெண் பேசினாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பள்ளி மூடிக்கிடந்ததால் குழுவுக்காகப் போன் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, அவசரமே இல்ல லா. நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. இப்ப அடையாள அட்ட ஐசி நம்பர் கேக்குதா?"

"கேக்குதும்மா. எழுத்து பொடிசா இருக்கு, கண்ணாடிய எடுத்துட்டு வந்துர்றேன்."

கண்ணாடி தேடியது, தப்பான எண்ணை அமுக்கியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. நடுவில் கேன்டீனில் என்ன சமைப்பீர்கள் என்று ஷர்மினி கேட்டாள். ஜெரால்டின் புளி கரைத்து மீன் அசாம் குழம்பு வைக்கிற பக்குவம்வரை சொன்னாள். போனை வைத்தபோது தொண்டை வறண்டிருந்தது. வாய்விட்டு அவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே பணம் வந்துவிட்டது. கைப்பேசி ஒலித்தது, பணம் கிடைத்ததாக மலாய் மொழியில் வந்த செய்தியை அவள் தெளிவாகப் படித்தாள். சாயங்காலம் ஷர்மினி கூப்பிட்டாள்.

"வந்துருச்சா ஆண்ட்டி?"

"இல்லம்மா. இன்னும் வரல."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயிலிருந்து தானாக விழுந்தது. "அலமாக்! கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஷர்மினி. அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும்.

ஜெரால்டின் அந்தப் பணத்தைத் தொடவில்லை. செலவழித்தால் குழுவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். வீட்டில் கேஸ் தீர்ந்தது. ரைஸ் குக்கரில் கஞ்சி வைத்துக் குடித்தாள். அரிசியும் தீர்ந்தபின் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள். பசி வயிற்றைக் கிள்ளும்போதெல்லாம் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். போன் மணி அடித்ததும் மனசு மாறிவிடும்.

ஒரு காலைப்பொழுதில் யாரோ கிரில் கதவைத் தட்டினார்கள். முகக்கவசம் போட்ட இளம்பெண். ஒரு கையில் அரிசிப்பை, மறு கையில் முட்டையும் மீன் டின்களும்.

"நான்தான் ஷர்மினி, ஆண்ட்டி. சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்களோன்னு மனசே கேக்கல. போனக் குடுங்க, என்னன்னு பாக்குறேன்."

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கம்பிகளின் ஊடே நீட்டினாள். ஷர்மினி திரையைத் தள்ளிப் பார்த்தாள்.

"காசு அன்னிக்கே வந்துருச்சே ஆண்ட்டி."

"தெரியும்மா."

"தெரியுமா? அப்புறம் ஏன்…"

"வந்துருச்சுன்னு சொன்னா, நீ அப்புறம் கூப்பிட மாட்டல்ல."

ஷர்மினியின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவற்றில் முதலில் கோபம்தான் வந்தது.

"உங்க காசு வேற யாருக்கோ போயிருச்சுன்னு நான் புகார் குடுத்தேன். அதனால அடுத்து கோத்தா திங்கி ஊர்க் குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டியத நிறுத்தி வெச்சிருக்காங்க. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க ஆண்ட்டி."

ஜெரால்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எனக்குத் தெரியாதும்மா" என்றாள். ஷர்மினி சாமான்களைக் கதவோரம் வைத்தாள். "சாப்பிடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதன்பின் போன் அடிக்கவில்லை. ஜெரால்டின் கீழ்க்கடைக்குப் போய் இ-வாலட்டில் கேஸுக்குப் பணம் கட்டினாள். கடைக்காரர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். முட்டையை அவித்தாள். முதல் வாய் எடுக்கும்போதே கோத்தா திங்கியில் யார் யாரோ காத்திருந்தது கண்முன் நின்றது.

வாரக் கடைசியில் ஷர்மினியிடமிருந்து செய்தி வந்தது. பணம் மறுபடி போக ஆரம்பித்துவிட்டது. பணம் வந்ததா என்று தமிழில் பேசிக் கேட்க ஆள் போதவில்லை. நீங்கள் கொஞ்சப் பேரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டிருந்தாள். கீழே சில எண்கள். ஜெரால்டின் உடனே சரி என்று பதில் போட்டாள்.

மறுநாள் காலையில் குளித்து, தலைவாரி, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கிடைத்தது ராசம்மா என்ற பெண். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சுங்க, ரொம்ப நன்றி. அடுப்புல கறி இருக்கு, போன வெச்சிடவா?"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அடுத்து அய்யாவு என்பவர். "வந்துச்சு, வந்துச்சு" என்று உரக்கச் சொன்னார். அவருக்குக் காது கேட்கவில்லை போலும், அதோடு சரி. மற்றவர்களும் அப்படித்தான். எல்லாருக்கும் பணம் கிடைத்திருந்தது; எல்லாருக்கும் ஏதோ வேலை இருந்தது.

பத்து மணிகூட ஆகவில்லை. எல்லாருக்கும் வந்துவிட்டது என்று ஷர்மினிக்கு எழுதி அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. பிறகு கென்னத்தின் எண்ணைத் தேடி எடுத்தாள். அவன் எடுத்ததும், "கென், இங்க எனக்கு ரொம்பத் தனியா இருக்குடா" என்றாள்.

அந்தப் பக்கம் இயந்திரங்கள் இரைந்தன. "அம்மா, வேலைல இருக்கேன், சரியா கேக்கல. ராத்திரி கூப்பிடவா?" என்றான்.

"சரிப்பா" என்றாள்.