லுங்கியோடு சேர்த்துத் தைத்தது

இருபத்தேழு வருஷமாகத் துணி தைப்பவன் ஒருவன் தன் இடுப்பு லுங்கியையும் சேர்த்துத் தைத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தால், குணசேகரன் அதை ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான். அவனே அப்படி மாட்டிக்கொண்டதால், சிரிக்கும் வேலை மற்றவர்களுக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். அவன் மனைவி தேவயானி ஒரு வருஷமாக வீட்டில் கைக்குழந்தைகளைக் கிடத்தும் குட்டி விரிப்பு, குவில்ட், தைக்கிறாள். ஆர்.கே.பேட்டை தறிக்கொட்டகைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை வாங்கிவந்து, சதுரம் சதுரமாக வெட்டி இணைப்பாள். அடியில் ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு ஷீட்; மூன்றையும் சேர்த்து மெஷினில் கோடு கோடாக ஓட்டுவாள். கற்றுக்கொண்டது போனில், யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீடியோவில். அந்த அம்மாள் பேசுவதில் தேவயானிக்கு ‘ஓகே’ மட்டும் புரியும். மீதியைக் கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். குணசேகரன் இந்த மகத்தான கலைக்கு வைத்திருந்த பெயர் கோணி. “இன்னிக்கு எத்தினி கோணி?” என்பதுதான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அவன் விசாரிக்கும் குசலம்.

அரக்கோணம் ரயில்வே குடியிருப்பிலிருந்து கனிமொழி என்ற பெண் ஒரு குவில்ட் கேட்டிருந்தாள். அவள் குழந்தைக்கு மலைமேல் கோயிலில் மொட்டை. முடி இறக்கியதும் அதில்தான் கிடத்த வேண்டுமாம். தேவயானி மூன்று அடுக்குக்கும் ஊக்குக் குத்தி மெஷின்மேல் வைத்துவிட்டு, கனிமொழியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனாள்.

குணசேகரனுக்குக் கை அரித்தது. இவள் நாலு நாள் தடவுகிற வேலையை அரை மணியில் முடித்து, தொழில் என்றால் என்னவென்று காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தான். முதலில் ஊக்குகளைப் பிடுங்கிப் போட்டான். ஊக்குக் குத்தித் தைப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதுபோல் ஓரத்தில் ஆரம்பித்து, பின்பக்கம் கையால் இழுத்துப் பிடித்து, மோட்டாரை முழு வேகத்தில் விட்டான். பாதி தூரத்தில் மேல்துணி மேடு கட்டியது. அடித்துணி மடிந்து மடிந்து தைபட்டது. மேட்டை அமுக்க அவன் இன்னும் வேகமாக ஓட்டினான். வாசலில் பேச்சுக்குரல் கேட்டு எழப்போனவனால் எழ முடியவில்லை. குவில்ட் மெஷினில் மாட்டியிருந்தது. லுங்கி குவில்ட்டில் மாட்டியிருந்தது. அவன் லுங்கிக்குள் மாட்டியிருந்தான்.

“அண்ணே, நீங்க உக்காருங்க, பரவால்ல” என்றாள் கனிமொழி, சுவரில் இருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்தபடி.

தேவயானி கத்தரி எடுத்துவந்து புருஷனை விடுவித்தாள். கனிமொழிக்கு வேறு ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லி டீ கொடுத்து அனுப்பினாள். மறுநாளிலிருந்து, வெளியே போகும்போதெல்லாம் மெஷினின் பெல்ட்டைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மருந்து வைப்பார்களே, அந்த மாதிரி.

இதையும் சிரித்துத் தள்ளியிருப்பான். ஆனால் மலையடிவாரத்தில் அவன் கடை இருந்த கட்டடத்தை இடித்து லாட்ஜ் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு கடை பிடிக்கலாம் என்றால் எதற்கு? ரெடிமேடு வந்த பிறகு அவனிடம் வருவதெல்லாம் நீளமான ஜீன்ஸ் பேண்ட்டுகள்தான். இத்தனை வருஷத் தொழிலின் சிகரமாக அவன் இப்போது பேண்ட்டுக்குக் கால் வெட்டிக்கொண்டிருந்தான். இனி அவன் வேலை செய்ய ஒரே ஒரு இடம் பாக்கி: வீட்டு முன்னறையில், தேவயானிக்குப் பக்கத்தில். அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். அங்கேதான் தகராறு. கல்யாணமான புதிதில் அவள் தனக்குத் தானே தைத்துக்கொண்ட ஜாக்கெட்டைக் கடையில் தொங்கவிட்டு, “இப்படித் தைக்கக் கூடாதுன்றதுக்கு சாம்பிள்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்த வாய் அது.

அதனால் சுற்றி வளைத்தான்.

“ரெண்டு பேர் ஒக்காந்தா வேல சீக்கிரம் ஆவும்ல?”

“பாக்கலாம் பாவா.”

“அந்த நீலத்துக்கு நான் ஓரம் அடிச்சித் தரட்டா?”

“பாக்கலாம்.”

சரி, செய்து காட்டினால் மாட்டேன் என்றா சொல்லிவிடுவாள் என்று கடையிலேயே பழக ஆரம்பித்தான். வெட்டிப்போட்ட ஜீன்ஸ் கால்களும் பழைய துண்டுகளும்தான் மூலப்பொருள். அந்த வெள்ளைக்கார அம்மாளின் வீடியோவைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். அவள் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போனாள். துணியை இழுக்கவே இல்லை. உள்ளங்கையால் மெல்ல நகர்த்தினாள். மாட்டுக்குத் தடவிக்கொடுப்பதுபோல் இருந்தது. இதற்கு ஒரு வீடியோவா என்று ஏளனமாகச் சிரித்துவிட்டு, அவளைப் போலவே செய்துபார்த்து, ஏழு துண்டுகளைப் பாழாக்கினான். எட்டாவது கொஞ்சம் குவில்ட் ஜாடையில் வந்தது.

பக்கத்துப் பூஜைச் சாமான் கடை வேதாசலத்திடம் காட்டினான்.

“சூப்பரா கீதுப்பா” என்றான் வேதாசலம், ஒரு ஆந்திராக் குடும்பத்துக்குத் தேங்காய்த் தட்டு நீட்டிக்கொண்டே.

“பாக்காமலே சொல்றியே.”

“பாத்தா மட்டும் வேற இன்னா சொல்லப் போறேன்? வண்டி சீட்டு சுடுது, மேல போட்டுக்கவா?”

பூ விற்கும் கோவிந்தம்மாள் முழம் போடுவதை நிறுத்தி, விரித்துப் பார்த்தாள். அவளிடம் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. ஊரில் யாருக்கும் பயப்படாத வாய்.

“நல்லாதான் கீது நைனா. உனுக்கு இன்னா கொறச்சல்.”

“மேடு தெரியுதா?”

“எங்க மேடு இல்ல? இந்த ஊரே மேடுதான். வெயில் ஏறுது, போய் வேலயப் பாரு.”

கடை போகப்போகிற மனுஷன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பரிதாபம் வந்துவிட்டால் உண்மை வராது. இருபத்தேழு வருஷத்தில் அவனை யாரும் இவ்வளவு மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

எட்டாவதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். தேவயானி கனிமொழியின் இரண்டாவது குவில்ட்டுக்குக் கடைசி ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சளும் சிவப்பும் கட்டம். தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி இருந்தது. தொடவில்லை.

“இதப் பாரு” என்று தன்னுடையதை மேஜையில் போட்டான்.

அவள் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். தையல் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கோட்டின்மேல் நகத்தை ஓட்டினாள்.

“கோணிதான்” என்றான் அவன். “ஆனா கொஞ்சம் நல்ல சாதிக் கோணி.”

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் அது சிரிப்பாக வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“தேவயானி, கட போவுது. எனுக்கு வேற போக்கெடம் இல்ல. உன்கூட நானும் இந்த வேல செய்யட்டா, வேணாவா? பாக்கலாம்னு மட்டும் சொல்லாத.”

அவள் மோட்டார் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

“மெஷின்ல வேணாம் பாவா. கோடு நேராதான் வருது, ஒத்துக்கறேன். ஆனா உன் கை இன்னும் இழுக்குது. இங்க பாரு, மூலை தூக்கிகினு கீது. ஒரு தபா தொவைச்சா சுருட்டிக்கும், அப்புறம் என் பேருதான் கெடும். அதுகூட, பழகினா போயிடும். ஆனா என் தையலப் பாத்து ஊரக் கூட்டிச் சிரிச்ச ஆளு பக்கத்துல மெஷின் ஓட்டிகினு இருந்தா, எனுக்குக் கை வராது. அது போவாது. நீ வெட்டறது சுத்தமா கீது, எனுக்கு அவ்ளோ சுத்தமா வராது. சதுரம் வெட்டிக் குடு. நாளைக்கு இந்த மேஜைய உனுக்குக் காலி பண்ணித் தரேன். தைக்கறது நான்தான்.”