பதினாறாவது புள்ளி

கிஷன் வாயைத் திறந்தால் ஒன்பதாயிரம் ஆர்பிஎம்தான். வாங்கி வந்த சிலிண்டர் ஹெட்டை, என்ஜினின் மேல்பகுதியை, மேசையில் இறக்கி வைப்பதற்குள், அதில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று ஒப்பித்து முடித்துவிட்டான்.

“கேம் பெருசா போடுங்க அண்ணி. ரிட்டெய்னர் டைட்டானியம். நைன் தௌசண்ட் வரைக்கும் ஏறணும் லா.”

“ஏறி? சந்திரனுக்கா போகப்போற?”

“அண்ணன் வண்டியும் அப்படித்தான ஏறும்?”

கிஷன் என் கணவர் பாலனின் தம்பி. பாலன் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. பண்டமாரானில் இருக்கும் இந்தப் பட்டறையின் போர்டில் இன்னும் அவர் பெயர்தான். உள்ளே ரிப்பேர் பார்ப்பது நான். மாமியார் வீட்டில் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுகிறவன் கிஷன் ஒருவன்தான். அண்ணன் வைத்திருந்த அதே மாடல் காரை அவனும் தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். பைத்தியக்காரன்.

“ரோட்ல ஓட்டுற வண்டிடா இது. டைட்டானியம் லேசுதான், ஆனா தேஞ்சிடும். மாசாமாசம் தெறந்து பாப்பியா? நீ காரையே கழுவ மாட்ட. ஸ்டீலே போதும். ஸ்பிரிங் டபுளா போடறேன். கேம் நான் சொல்றதுதான்.”

கேம் வால்வைத் தள்ளித் திறக்கும். ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். ரிட்டெய்னர் என்பது ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் சின்னத் தொப்பி. கேம் பெரிதாகப் பெரிதாக ஸ்பிரிங் பலமாக இருக்க வேண்டும். அது சோர்ந்துபோனால் வால்வு மூடத் தாமதமாகும், மேலே வரும் பிஸ்டன் அதை இடித்து வளைத்துவிடும். எல்லாரும் கேமைப் பற்றித்தான் பேசுவார்கள். ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

“எங்கடா வாங்குன இத?”

“டெங்கில் பக்கம் ஒரு பழைய சாமான் யார்டு. ஜப்பான்லேர்ந்து வந்ததுன்னான். ஒரு வால்வு மட்டும் வளஞ்சிருக்கு, மத்ததெல்லாம் ஓகே.”

அவன் போன பிறகு ஹெட்டின் மூடியைக் கழற்றினேன். பதினாறு ரிட்டெய்னர்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணெயில் வெந்து கறுத்துப்போன ஒரு மெரூன் புள்ளி.

ஜப்பான்காரன் நகப்பாலிஷில் புள்ளி வைப்பானா?

அது என் நகப்பாலிஷ். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் உட்காரும் உயரத்தை அளந்து, அடியில் போட வேண்டிய ஷிம் என்னும் மெல்லிய வளையத்தைப் போட்டு, சரியாக இருந்தால் மட்டும் பாலன் என் பாட்டிலை எடுத்துக் கடுகளவு புள்ளி ஒன்று வைப்பார். ‘எம் பொண்டாட்டிக்கு வாங்குனேன், என்ஜினுதான் அலங்காரம் பண்ணிக்குது’ என்று சிரிப்பார். அவர் காரியத்தன்று அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். பிறகு நகத்துக்கு எதுவும் பூசியதில்லை.

பதினைந்து புள்ளிகள் கடுகளவு இருந்தன. கடைசிப் புள்ளி மட்டும் பெரிதாக, ஓரத்தில் இழுவியிருந்தது. அது நான் வைத்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட்டை என்ஜின் மேல் ஏற்றுவது வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் முன். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். அன்று பாலன் பதினைந்தை முடித்துவிட்டுச் சூடம் வாங்கக் கிளம்பினார். “தனா, கடைசி ஒண்ண அளந்துட்டு புள்ளி வையி,” என்றார். மணி பத்தே கால். அளந்து, கழற்றி, ஷிம் போட்டு மாட்டினால் நேரம் தப்பிவிடும். நான் அளக்கவில்லை. புள்ளியை மட்டும் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் துறைமுகச் சாலையில் கொள்கலன் லோரி ஒன்றை முந்தப் போனவர், முந்தி முடிக்கவில்லை. அதிவேகம் என்று போலீஸ் எழுதியது. வேகம், திமிர் என்று என் மாமியார் நல்லம்மாள் இன்றுவரை மகனின் படத்தைப் பார்த்துத் திட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டதால், சந்தேகம் சந்தேகமாகவே இருந்துவிடும் என்று நம்பினேன்.

ஹெட்டைத் திருப்பிப் போட்டேன். வளைந்திருந்தது, இழுவிய புள்ளிக்குக் கீழே இருந்த வால்வுதான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தும்போது ஒரு சிலிண்டர் செத்திருக்கிறது. வண்டி நடுவழியில் இழுக்க மறுத்திருக்கிறது. மிதித்து மிதித்துப் பார்த்திருப்பார் பாவம்.

கிஷனிடம் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. பழைய ஸ்பிரிங்குகளையும் ரிட்டெய்னர்களையும் கழற்றி ஒரு டப்பாவில் கொட்டி இழுப்பறையில் பூட்டினேன். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால், பதினைந்து ரிட்டெய்னர்கள் மேசைமேல் வரிசையாக இருந்தன. பதினாறாவது என் நாற்காலியில் இருந்தது. இழுப்பறையின் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அவற்றை வாரி எடுத்துக் கடல் பக்கம் போய் வீசிவிட்டு வந்தேன். வேலையை முடித்து ஹெட்டை அனுப்பிவிட்டால் போதும் என்று தோன்றியது. அடக்கமான கேம், டபுள் ஸ்பிரிங், ஸ்டீல் ரிட்டெய்னர், புது வால்வு. வியாழக்கிழமை மாலைக்குள் பதினாறையும் மாட்டி, உயரங்களை நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியதும் நகப்பாலிஷ் வாடை அடித்தது.

புது ரிட்டெய்னர்களின் மேல் கடுகளவு மெரூன் புள்ளிகள். தொட்டேன். ஈரம். எண்ணினேன், திரும்ப எண்ணினேன். பதினைந்து. நாலாவது சிலிண்டரின் அந்த மூலையில் மட்டும் இல்லை.

சாவி ஒன்றுதான், அது என் பையில் இருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். பதினைந்து இடத்தில் எண்கள். கடைசி இடத்தில், ‘மேற்படி’ என்பதற்கு நான் போடும் இரண்டு சின்னக் கோடுகள். அந்த மூலைக்கு வந்ததும் என் கை பயந்து ஓடியிருக்கிறது. இந்த முறையும் நான் அளக்கவில்லை.

பத்து மணிக்குக் கிஷன் சூடமும் எலுமிச்சம்பழமுமாக வந்துவிட்டான்.

“ஏத்துவோமா அண்ணி? அரை மணி நேரந்தான் இருக்கு.”

“இரு. ஒண்ணக் கழட்டணும்.”

“இப்பவா? ராகு காலம் வந்துடும் அண்ணி!”

“வரட்டும்டா!”

நான் கத்திய கத்தலில் அவன் இரண்டடி பின்னால் போய்விட்டான். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றினேன். அடியில் ஷிம் இல்லை. உயரம் முக்கால் மில்லிமீட்டர் அதிகம். அவ்வளவு போதும், ஒரு ஸ்பிரிங் சோர்ந்துபோக. ஷிம் போட்டு, அளந்து, எழுதி, மாட்டி முடித்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ரிட்டெய்னரையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி எதுவும் வரவில்லை. இப்போது அளவு சரிதானே, இன்னும் என்ன வேண்டும் இவருக்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு புரிந்தது.

“கிஷன், இங்க வா. இது உங்க அண்ணன் வண்டி ஹெட்டு.”

எல்லாவற்றையும் சொன்னேன். சூடம் வாங்கப் போனதை, பத்தே கால் மணியை, இழுவிய புள்ளியை, வளைந்த வால்வை. மேசைமேல் இருந்த ஹெட்டின் பதினைந்து புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசியில் வெறுமையாக இருந்த ரிட்டெய்னரையும் காட்டினேன்.

“உங்கண்ணன் திமிர்ல சாகல. நான் அளக்காம விட்டதுல செத்தாரு.”

அவன் வாசலுக்குப் போனான். நானும் பின்னால் போய் நின்றேன். எதிரே கொள்கலன் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் தோள்கள் குலுங்கின. பிறகு என் பக்கம் திரும்பினான்.

“அம்மா அஞ்சு வருஷமா அண்ணன் படத்தப் பாத்துத் திட்டுறாங்க அண்ணி.”

“தெரியும்.”

“நீங்களே வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“வரேன். இன்னிக்கே வரேன்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். மேசையருகே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணி... பதினஞ்சுன்னுதான சொன்னீங்க?”

கடைசி ரிட்டெய்னரைத் தொட்ட விரலை நீட்டிக் காட்டினான். நுனியில் மெரூன் ஈரம். நான் என் பத்து விரல்களையும் திருப்பிப் பார்த்தேன். கிரீஸைத் தவிர ஒன்றும் இல்லை.

“வாடா, தூக்கு. ஹெட்ட ஏத்திடலாம்,” என்றேன்.

“ராகு காலம் அண்ணி. திரும்ப அளந்து பாக்க வேணாமா?”

“வேணாம்,” என்றேன். “அளக்காம அவரு புள்ளி வைக்க மாட்டாரு.”