கேட் மணி

போதகர் வேதாகமத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கியதும் மறுபடியும் மணி அடித்தது. வாசலில் யாரோ வந்திருப்பதாக நினைத்துச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஷீலா பல்லைக் கடித்துக்கொண்டாள். அது வாசல் மணி இல்லை. ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருக்கும் அவள் கணவர் பென்னி செய்துவைத்த ரயில்வே கேட் மணி.

இரும்புலியூர் வீட்டின் ஹாலில் பாதியை அவருடைய பொம்மை ரயில் பலகை அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் வளைந்தோடும் தண்டவாளம், விரல் நீளப் பெட்டிகள், தீக்குச்சி கனத்தில் ஒரு லெவல் கிராசிங் கேட். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பென்னிக்கு இதே வேலை. இதற்காக சோபாவையே வெளியே தள்ளினார். நேற்றுக் காலை பல் துலக்கப் போனவர் வாஷ்பேசின் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். இன்று துக்கத்துக்கு வந்தவர்கள் பலகையை ஒட்டி நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

பலகைக்கு அடியிலிருந்து அவள் தம்பி தீனா தவழ்ந்து வெளியே வந்தான்.

"பிளக்கைப் புடுங்கிட்டேன்க்கா. அப்பவும் அடிக்குது. இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேட்டரி வச்சாரு மாமா?"

"கரண்ட் போனா கேட் மூடாதாம். யாராவது அடிபட்டுடுவாங்களாம்."

"பேட்டரி எங்க கீது?"

"என்கிட்ட சொல்லிட்டா போனாரு?"

போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தீனா சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலோடு வந்தான்.

"வயரை வெட்டிடறேன்."

"வெட்டாத."

"பாஸ்டர் நிக்கறாரு பாருக்கா."

"வெட்டிட்டா அப்புறம் யாருடா சேத்துத் தருவா?"

தீனா கத்தரிக்கோலைக் கீழே இறக்கினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் காய் நறுக்கும்போதெல்லாம் பென்னி பக்கத்தில் வந்து நின்று விளக்குவார். தண்டவாளத்துக்கு நடுவே கடுகளவு சென்சார். அதன்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. ரயில் வந்து வெளிச்சத்தை மறைத்தால் கேட் இறங்கும், மணி அடிக்கும். "கேக்கறியா ஷீலா?" என்பார். "கேக்கறேன், அந்தத் தட்ட எடுங்க," என்பாள்.

இப்போது ரயில் எதுவும் வரவில்லை. சொந்தக்காரர்களின் நிழல்தான் விழுந்துகொண்டிருந்தது. தள்ளி நிற்கச் சொல்லலாமென்றால் தள்ளுவதற்கு இடமில்லை.

"சனியன்," என்று முணுமுணுத்தபடி செல்போன் டார்ச்சைப் போட்டுத் தண்டவாளத்துக்கு மேலே பிடித்தாள். கேட் மெல்ல உயர்ந்தது. மணி நின்றது.

போதகர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். பெட்டியின் தலைமாட்டில் நின்ற மகள் அபிகாயில், "அம்மா, இங்க வா. அப்பா கிட்ட நில்லு," என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். ஷீலா அசைந்ததுதான் தாமதம், வெளிச்சம் விலகி மணி ஒருமுறை அடித்தது. அவள் பழைய இடத்துக்கே வந்தாள்.

"குடுக்கா, நான் புடிக்கறேன். நீ போ," என்றான் தீனா.

"உனக்கு வராது. நீ ஆட்டுவ."

வாசிப்பு முடிந்து பாட்டு தொடங்கியது. நீளமான பாட்டு. கை கடுத்தது. ஷீலா போனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள், தன் நிழல் தண்டவாளத்தின்மேல் விழாதபடி சற்றே ஒதுங்கி.