ஆண்டனி கழற்றிய குழாய்

ஜீவனஹள்ளியில் ஆண்டனி வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்து இன்னும் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அதற்குள் சிங்க்குக் குழாய் சொட்டத் தொடங்கிவிட்டது.

வேறு யார் வீட்டில் சொட்டியிருந்தாலும் அது ஒரு சேதியே இல்லை. ஆண்டனிக்கு வேலை பீன்யா தொழிற்பேட்டையில், வால்வு செய்யும் ஒரு கம்பெனியில். செய்து முடித்த வால்வு ஒழுகுகிறதா என்று பார்த்து, ஒழுகினால் திருப்பி அனுப்புவதுதான் அவர் உத்தியோகம். தன் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டுகூட வெளியே போனதில்லை என்று சர்ச்சிலும் கல்யாண வீட்டிலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடமும்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவர் மனைவி மௌரீன் குழாய்க்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்தாள்.

"உங்க கம்பெனியில இத இன்னா பண்ணுவீங்க? பாஸா, ஃபெயிலா?"

"புதுக் குழாய். செட் ஆவறதுக்கு நாலு நாள் ஆவும்."

"ஆமா, எல்கேஜி சேர்ந்திருக்குது, அழுது அழுது செட் ஆவட்டும். மஞ்சுநாத்துக்கு ஒரு போன் போடுங்களேன்."

மஞ்சுநாத்தான் குழாய் வேலை முழுவதையும் செய்த பிளம்பர். அவர் வேலை செய்த நாளெல்லாம் ஆண்டனி முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "எங்க கம்பெனியில இப்படிச் செய்ய மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் மஞ்சுநாத் ஸ்பேனரை நீட்டி, "அப்போ நீங்களே மாட்டிடுங்க சார்" என்றார். பேச்சு அதோடு நின்றுபோயிற்று. அந்த மனிதரைத் தானே கூப்பிடுவதைவிட, கிண்ணத்து நீரை ஆயுசுக்கும் மொண்டு ஊற்றலாம் என்றிருந்தது ஆண்டனிக்கு.

"நானே பார்க்கறேன். இது ஒரு பெரிய விஷயமா?"

நனையப்போகிறது என்பதுபோல மௌரீன் தரையில் கிடந்த புது மிதியடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அது அவருக்குச் சுருக்கென்றது.

குழாயைக் கழற்றுமுன் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கான வால்வு சிங்க்குக்குக் கீழே, புது அலமாரியின் பின்பலகைக்குள் மறைந்திருந்தது. பைப்பு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று தச்சரிடம் அடம்பிடித்தவர் அவரேதான். 'கொஞ்சமாகத் திருகினால் போதும், என்ன ஆகிவிடப் போகிறது' என்று ஸ்பேனரை வைத்துத் திருகினார்.

குழாயின் தலை கழன்று எங்கோ பறந்தது. தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டு அவர் பூசைச் சட்டைமேல் இறங்கியது. கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தார். தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சியடித்தது.

"மௌரீன், மாடிக்குப் போய்த் தொட்டி வால்வ மூடும்மா."

அவள் மாடிக்கு ஓடினாள். தண்ணீர் நின்றது. நின்ற சற்று நேரத்துக்கெல்லாம், மேல் வீட்டில் குடியிருக்கும் குணசேகர் இடுப்பில் துண்டும் தலை நிறைய நுரையுமாக, ஒரு கண்ணை மட்டும் திறந்தபடி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, தண்ணி நின்னுபோச்சு." பிறகு ஆண்டனியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் பாதிக் குளியல்லதான் இருக்கீங்களா?"

ஆண்டனி சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றது. பையும் கையுமாக மஞ்சுநாத் உள்ளே வந்தார்.

"உங்கள யாரு கூப்பிட்டது?"

"அக்காதான் சார். அப்பவே போன் பண்ணாங்க. 'மெதுவா வாங்க, அவரு கொஞ்ச நேரம் ஆசை தீரப் பார்க்கட்டும்'னு சொன்னாங்க."

மாடிப்படி இறங்கி வந்த மௌரீன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆண்டனிக்குக் கோபம் வர வேண்டியதுதான். ஏனோ வரவில்லை. மஞ்சுநாத்தின் ஸ்கூட்டர் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று அவர் நினைத்ததேயில்லை.

மஞ்சுநாத் பறந்துபோன தலையை அடுப்புக்குப் பின்னாலிருந்து தேடியெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒரு மணல் துகள். அவர் முகம் சுருங்கியது.

"இது என் தப்பு சார். மாட்டறதுக்கு முன்னாடி பைப்புல தண்ணி விட்டு கழுவியிருக்கணும். நீங்க பின்னாடி நின்னு பேசினே இருந்தீங்களா, மறந்தே போச்சு."

எத்தனையோ நாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம். ஆண்டனி வாயைத் திறந்தார். மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். குணசேகர் ஒரு கண்ணால்.

"பரவால்ல மஞ்சுநாத். எங்க கம்பெனியிலயும் இப்படி நடக்கும்."

மௌரீன் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டிராத வாக்கியம் அது.

"யாராவது அந்த வால்வ தொறந்தா நான் குளிச்சிக்குவேன்" என்றார் குணசேகர்.

மஞ்சுநாத் மணலைத் தட்டிவிட்டுக் குழாயை மாட்டினார். பிறகு, இனி ஒரு தடவை இப்படி ஆகக்கூடாதென்று, அலமாரிப் பின்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போடலாமா என்று கேட்டார். ஆண்டனியே பென்சிலால் குறித்துக் கொடுத்தார். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மஞ்சுநாத் அந்தக் கோணலிலேயே அறுத்தார்.

வேலை முடிந்தும் இருவரும் கேட்டருகே நின்று பித்தளை உசத்தியா ஸ்டீல் உசத்தியா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழம்பு ஆறுகிறது என்று மௌரீன் இரண்டு தரம் கூப்பிட்டும் ஆண்டனி நகரவில்லை. கடைசியில் அவள் இன்னொரு தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் உள்ள வந்து சாப்டுட்டே சண்டை போடுங்க" என்றாள்.