தாடிக்குள் நீலம்

மூன்றாவது பூச்சைத் தெளித்து முடித்துவிட்டுப் பெயிண்ட் அறையிலிருந்து வெளியே வந்த தம்பி மூக்கைச் சிந்தினான். கைக்குட்டையில் நீலம் இருந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்த மாதிரிக் கப்பலின் அடிப்பாகத்துக்காகக் காலையில் நான் கலந்துகொடுத்த அதே நீலம். அவன் அவசரமாக அதை மடித்தான்.

"சளிண்ணா. ஒண்ணுமில்ல."

போன மாதம் இதே வாசலில் மயங்கி விழுந்தபோது வெயில் என்றான். நம்பினேன்.

பெயிண்ட் அறைக் கதவைத் திறந்ததும் தின்னரின் நெடி கண்ணில் அறைந்தது. சன்னலில் நான் பொருத்திய எக்ஸாஸ்ட் விசிறி நின்றிருந்தது. காற்று ஓடினால் ஈரப் பூச்சில் தூசி ஒட்டும் என்று அணைத்திருக்கிறான்; முகமூடிதான் இருக்கிறதே என்கிற தைரியம். விசிறியைப் போட்டுவிட்டு முகமூடியை எடுத்துவந்தேன். வடிகட்டிகள் இரண்டும் புதியவை. ஆனால் ரப்பர் விளிம்பு வெறுந்தோலில் பதிந்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு. வைக்கோல்மீது வைத்த மூடியைப் போல அது அவன் தாடிமேல் உட்கார்ந்திருந்திருக்கிறது. உட்புறமெங்கும் நீலத் துகள்.

"இத்தனை நாளா உள்ளே வாசம் வரலன்னு சொன்னியேடா?"

"லேசாத்தான் வரும்."

"தாடிய எடு."

"மாட்டேன்."

"சாமியார் பட்டம் போயிடும்னு பயமா?"

"கிண்டலை விடுண்ணா. வேற எதை வேணா சொல்லு."

அறைந்தேன். அவன் இரு கைகளாலும் என்னைத் தள்ளினான், மேசைமேல் விழுந்தேன். கப்பலில் பொருத்துவதற்காக அங்கே வைத்திருந்த பாய்மரங்கள் என் முதுகுக்கடியில் ஒவ்வொன்றாக முறியும் ஓசை கேட்டது. நாலு மாத உழைப்பு. எழுந்து அவன் காலை வாரித் தரையில் சாய்த்து மார்பின்மேல் முழங்காலை ஊன்றினேன். கையில் டேப் வெட்டும் கத்தரி அகப்பட்டது. அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். பல் எலும்புவரை இறங்கியது. விடவில்லை. தாடியைக் கொத்தாகப் பற்றி வெட்டினேன். முடியோடு தோலும் வெட்டுப்பட்டது. அவனைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டே அவன் ரத்தத்தை என் விரல்களில் வழியவிட்டேன். அந்த எண்ணத்தில் ஒரு களிப்பும் கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை.

காதுமடலிலிருந்து தாடைவரை ஓடிய அந்தத் தழும்பு தெரிந்ததும் கை நின்றது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், நான் ஒட்டிவைத்த பிளாஸ்டிக் விமானத்தின் இறக்கையை உடைத்ததற்காக இரும்பு ஸ்கேலை அவன் முகத்தில் வீசினேன். வாசல் கேட்டில் மோதி விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னான். தாடி முளைத்த நாள்முதல் மழித்ததேயில்லை.

நான் இறங்கினேன். அவன் எழவில்லை, இருமினான். உள்ளே எதையோ கிழித்துக்கொண்டு வந்த இருமல். அடங்கிய பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னான்:

"நீ என் மூஞ்சியப் பாத்துப் பேச ஆரம்பிச்சதே தாடி வந்த பிறகுதாண்ணா."

கத்தரியைக் கீழே வைத்தேன்.

அவனே எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியடியில் என் ரேசரால் மீதியையும் மழித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து முகமூடிக்காகக் கை நீட்டினான். உட்புறத்தைத் துடைத்துக் கொடுத்தேன். வார்களை இழுத்து மாட்டினான். ரப்பர் விளிம்பு சரியாகத் தழும்பின் குறுக்கே விழுந்தது. அந்த மேட்டில் அது படிந்ததா, இடுக்கு விட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை.

இரு உள்ளங்கைகளாலும் வடிகட்டிகளை அடைத்துக்கொண்டு மூச்சை உள்ளிழுத்தான். முகமூடி ஒடுங்கி முகத்தோடு ஒட்டியது. பத்து எண்ணும்வரை அப்படியே நிற்க வேண்டும். தளர்ந்தால் எங்கோ காற்று புகுகிறது.

கடிபட்ட மணிக்கட்டைப் பிடித்தபடி நான் எண்ணத் தொடங்கினேன். ஆறு. ஏழு. விளிம்புக்கு வெளியே நீண்டிருந்த தழும்பு வெளுத்து இழுபட்டது. அவன் கண்கள் என் முகத்தைவிட்டு அகலவில்லை. நானும் இம்முறை பார்வையை விலக்கவில்லை. எட்டு.