கப்பல்காரச் சம்பந்தம்

"அது கப்பலே இல்ல மாமா, மெதக்கற ஏர்போர்ட்டு! ஒரு ஏவுகணை வந்து வுழுந்தா போதும், அத்தினி ஆயிரம் கோடியும் மீனுக்குத்தான்!"

"வுழுவ வுட்டுட்டு வேடிக்க பாத்துக்கினு இருப்பாங்களா? இன்னும் கட்டவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஏன் மச்சான் முழுகடிக்கற?"

"காப்பாத்தறதுக்கு சுத்தி பத்து கப்பல் போவணும், அடியில நீர்மூழ்கி போவணும். கல்யாணப் பொண்ணாட்டம் அத ஒண்ண கூட்டிக்கினு போறதுக்கே பாதி நேவி வேணும். அந்தக் காசுக்கு நீர்மூழ்கியா கட்டிக்கினு போனா, எவனாவது கிட்ட வருவானா?"

கத்தியவர் ஆதிநாராயணன். ஆந்திரா எல்லையில், எங்கள் சாந்திபுரத்தில் மண்டல ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கூட்டமில்லாத நேரமெல்லாம் கடையில் தெலுங்குச் சேனல் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இந்த நாட்டில் அவருக்குத் தெரியாத இலாகா கிடையாது. பதிலுக்குக் கத்தியவர் அவருடைய அக்காள் புருஷன் ஏழுமலை. ஏழுமலைக்குக் கடற்படையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தக்காளியைப் பற்றித் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் வீட்டுக் கூடத்தில் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பையன் கப்பல்காரன் என்பதால், வேறு வழியில்லாமல் நாட்டின் பாதுகாப்பை அவர் தலையில் சுமந்துகொண்டிருந்தார். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அன்றைக்கு அந்தச் சுவரின் உதவி எனக்குத் தேவைப்படவில்லை. மைசூர்பாகு எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நான் உள்ளேயே இருந்தேன்.

பையன் எழிலரசன், பக்கத்துக் குடுபல்லிக்காரன். கொச்சியில் கப்பல் கட்டும் தளத்துக்குள் ஒரு காண்டிராக்டரிடம் வெல்டர். அங்கே ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கட்டி முடிந்து கடலுக்கும் போய்விட்டது. இன்னொன்று வேண்டுமா வேண்டாமா என்று டெல்லியில் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டும் என்றால் இவனுக்குப் பல வருஷத்துக்கு வேலை. வேண்டாம் என்றால் காண்டிராக்டர் கைகாட்டுகிற திசைக்குப் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ஆக, டெல்லியில் பெரிய மனிதர்களுக்குப் பிடிபடாத ஒரு விஷயத்தைச் சாந்திபுரத்தில் காபி ஆறுவதற்குள் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. ஏழுமலை மகள் சந்தியாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து நின்றுபோயிருந்தன. இந்தப் பையனோடு அவள் கொஞ்ச நாளாகப் போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதும், பேசும்போது மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்பாள் என்பதும், சிரிப்பைக் கையால் மூடிக்கொள்வாள் என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுத் துணிக்கொடியும் மாடியில்தான் இருக்கிறது.

ஆதிநாராயணனுக்குக் கப்பல்மேல் ஏன் இத்தனை கோபம் என்று ஊரில் யாரையும் கேட்கத் தேவையில்லை. அவருக்கு யஸ்வந்த் என்று ஒரு பையன் இருக்கிறான். பெங்களூரில் ஏதோ கம்பெனி. தாய்மாமன் மகன் இருக்கும்போது குடுபல்லியில் எதற்கு மாப்பிள்ளை தேட வேண்டும் என்பது அவருடைய நினைப்பு. அதை வாய்விட்டுக் கேட்க அவருக்கு ரோஷம். ஒரு மனிதன் தன் பையனுக்குப் பெண் கேட்கக் கூச்சப்பட்டு, அதற்குப் பதிலாக நாட்டின் கடற்படைக் கொள்கையை எதிர்த்ததை நான் அந்தக் கூடத்தில்தான் பார்த்தேன்.

பையனின் அம்மா பொன்னியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். "ஏன்ணா, நேவிக்குக் கப்பல் இல்லன்னா அவுங்க பஸ்லயா போவாங்க?"

ஆதிநாராயணன் அவளை விட்டுவிட்டுப் பையன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. உள்ள இருக்கறவன் நீ. அடுத்த கப்பல் வருமா வராதா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"இப்ப எந்தக் கப்பல்ல வேல செய்யற?"

"அத சொல்லக் கூடாதுங்க."

"ஒரு போட்டோவாவது காட்டு."

"போனு உள்ள எடுத்துக்கினு போவ வுடமாட்டாங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே பையன்மேல் சந்தேகம் வந்தது. அளக்கிற பையனை எனக்குத் தெரியும். எங்கே எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். ஒன்றுமே சொல்லாதவனிடம் எதைக் கழிப்பது? கப்பலுக்குள் வெல்டிங் செய்கிறவன் கையில் ஒரு தீப்புள்ளிகூட இல்லையே என்று பார்த்தேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அதுவும் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது. கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவனும் கொச்சியில்தானே வேலை என்று சொல்வான்?

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் பையன் வேலை செய்யும் இடத்துக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம். கிரானைட் பேக்டரி என்றால் வாசல் டீக்கடையில் கேட்பார்கள். காலேஜ் என்றால் வாட்ச்மேனிடம். குடிப்பானா, கடன் உண்டா, வேலை நிலைக்குமா என்று டீ குடித்து முடிப்பதற்குள் பையனின் ஜாதகமே வந்துவிடும். என்னிடமே எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். நானும் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். "நான் போய்ட்டு வர்றேன். பாத்துட்டு வந்தா தெரிஞ்சி பூடும்" என்றார் ஆதிநாராயணன். துணைக்கு என் வீட்டுக்காரர் சீனுவை அழைத்துக்கொண்டார். சீனு ஒரு வார்த்தை பேசுவதற்கு ஒரு நாள் யோசிக்கிற ஆள். சாட்சிக்கு அப்படி ஒருவர் போதும் என்று நினைத்திருப்பார்.

குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறிப் போனவர்கள் மறுநாள் திரும்ப வேண்டியது. வரவில்லை. போனும் இல்லை. சந்தியாவின் அம்மா ரத்தினம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா, உங்க வூட்டாரு போனு எடுத்தாரா?" என்று கேட்டபடியே இருந்தாள். அதற்கும் மறுநாள் இருவரும் வந்து இறங்கினார்கள். ஆதிநாராயணன் நேராக அக்காள் வீட்டுக்குப் போனார். "வேலையா அது? காண்டிராக்டு கூலி. வாசல்ல நின்னு பேர கேட்டா எவனுக்கும் தெரியல. இந்தப் பேச்ச வுட்டுடு மாமா" என்று ஏழுமலையிடம் சொன்னார். அந்த வாரக் கடைசியில் பையனுக்கு உள்ளே போகும் பாஸ் நிறுத்தப்பட்டுவிட்டதாகக் குடுபல்லியிலிருந்து தகவல் வந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றார். ஏழுமலை சம்பந்தத்தை விட்டுவிட முடிவு செய்தார். சந்தியா மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

நான் என் வீட்டுக்காரரை விடவில்லை. வாசலில் பேர் கேட்டு வருவதற்கு எதற்கு இரண்டு நாள்? கறிக்குழம்பு வைத்துப் போட்டேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை நான் வரிசைப்படுத்தித்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆதிநாராயணன் தளத்து வாசல் டீக்கடையில் நின்று வழக்கம்போல விசாரித்திருக்கிறார். உள்ளே இப்போது எந்தக் கப்பலில் வேலை நடக்கிறது, எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள், அடுத்த கப்பல் எப்போது ஆரம்பிக்கும், குடுபல்லிப் பையன் கப்பலின் எந்தப் பாகத்தில் இருக்கிறான். அக்காளுக்குக் காட்ட வாசலை ஒரு போட்டோவும் எடுத்திருக்கிறார். டீ முடிவதற்குள் மப்டியில் இரண்டு பேர் வந்து இருவரையும் உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆதாரைக் கேட்டார்கள். போனை வாங்கித் திறந்தார்கள். திறந்தால், விமானந்தாங்கிக் கப்பலை எப்படி மூழ்கடிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ! மாமாவோடு வாதாடுவதற்காக அவர் இரவு பகலாகப் பார்த்தவை. ஒரு ஆபீசர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாராம்.

"அப்புறம்?"

"இதெல்லாம் யார் சொன்னதுன்னு கேட்டாங்க. அந்தப் பையன்தான் உள்ள நடக்கறதெல்லாம் எங்களுக்குச் சொன்னான்னு இவரு சொல்லிட்டாரு."

"அவன்தான் ஒண்ணுமே சொல்லலியே!"

"ஆமா" என்றார் சீனு.

பையனை வரவழைத்திருக்கிறார்கள். அவன் இவர்களைப் பார்த்துவிட்டு, "எங்க மாமாங்க சார். பொண்ணு வூட்டுக்காரங்க. என்ன விசாரிக்க வந்துக்கிறாங்க" என்றிருக்கிறான். அதற்குப் பிறகுதான் ஆபீசர் சிரித்திருக்கிறார். எல்லாவற்றையும் சரிபார்த்து வெளியே விட ஒரு நாள் ஆகியிருக்கிறது. அதுவரை பையன் வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்து, இருவருக்கும் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து, ரயிலேற்றிவிட்டுப் போயிருக்கிறான். ஆபீசர் சிரித்தாரே தவிர, காண்டிராக்டர் சிரிக்கவில்லை.

ஆதிநாராயணன் அந்த வார்த்தையைப் பயத்தில் சொன்னாரா, யஸ்வந்தை நினைத்துக்கொண்டு சொன்னாரா? எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஆனால் துண்டு காய்வதற்குள் நான் சுவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அன்று சாயங்காலம் ஏழுமலை வீட்டில் மறுபடியும் கூட்டம். இந்த முறை மைசூர்பாகு இல்லை.

"பயத்துல வாயில வந்துச்சிம்மா. துப்பாக்கி வெச்சிக்கினு நிக்கறாங்க. நீயா இருந்தா என்னா சொல்லியிருப்ப?" என்றார் ஆதிநாராயணன்.

சந்தியா அறைவாசலில் நின்றிருந்தாள். "எதுக்கு மாமா அத எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தப்பா நெனப்பீங்கன்னு..."

"இந்தக் கூடத்துல நீ அத்தினி கேள்வி கேட்ட. அவரு வாய தொறக்கல. நம்ம எல்லாரும் அவர சந்தேகப்பட்டோம். ஒனக்குக் கதவச் சாத்தனதும் அவரு பேருதான் வந்துச்சி."

"வேல போச்சேம்மா" என்றார் ஏழுமலை மெதுவாக. "வேல இல்லாதவனுக்கு எப்பிடிக் குடுக்கறது?"

"வேலய யாரு நைனா எடுத்தது?"

ஆதிநாராயணன் எழுந்து, "அந்தக் கப்பலே வேஸ்ட்டுன்னு நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார். ரத்தினம்மா தம்பியின் காபி டம்ளரை, பாதி இருக்கும்போதே, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாக நான் பார்க்கிறேன். அந்த வீட்டில் தம்பிக்கு அப்படி நடந்ததில்லை.

கல்யாணம் திருப்பதியில், ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பொன்னியம்மா முதலில் பிடிகொடுக்கவில்லை. பையனுக்கு ஒரு வேலை வரட்டும் என்றாள். அவன் குஜராத்தில், பழைய கப்பல்களைக் கரையில் ஏற்றி அறுத்துப் பிரிக்கிற இடத்தில் சேர்ந்தான். ஒட்டத் தெரிந்தவனுக்கு அறுக்கத் தெரியாதா? ஆதிநாராயணன் கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் சீரையும் குறைவில்லாமல் செய்தார். பந்தியில் மட்டும் கடைசியாக உட்கார்ந்தார். யஸ்வந்த் அடுத்த மாதமே கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பெங்களூரிலேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பழக்கம் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்ததாம். இது அப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் மிஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கப்பல் வருமா வராதா என்று சேனலில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தியா வீடியோவில் வந்தாள். ரத்தினம்மா போனைப் பிடித்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், எட்டிப் பார்க்காத மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு ஆதிநாராயணன். "வூட்ட காட்டுடி" என்றாள் ரத்தினம்மா. சந்தியா ஜன்னலைக் காட்டினாள். தூரத்தில், தண்ணீர் வடிந்த சேற்றில், ஒரு பெரிய கப்பல் நின்றிருந்தது. முன்பாதி இல்லை. வெட்டிய இடத்தில் மாடி மாடியாக அறைகள் திறந்து கிடந்தன. படிக்கட்டுகள் பாதியில் நின்றன. மேல் அறை ஒன்றின் விளிம்பில் யாரோ உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து பார்க்க ஒரு நெருப்புப் புள்ளி மட்டும். அது எழிலரசன்தானா என்று நான் கேட்பதற்குள் அந்தப் புள்ளி அணைந்தது. கப்பலில் அதற்குப் பக்கத்து அறையில் யாரும் கழற்றாமல் விட்ட ஒரு நீலத் திரை, கடல்காற்றில் வெளியே வந்து, திரும்ப உள்ளே போனது.